அத்தானுக்கு ஒரு பொத்தான்

துறைமுகச் சாலையில், கப்பலில் வரும் சரக்குக்குச் சுங்கத் தாள்கள் தயார் செய்து கொடுக்கும் ஒரு அலுவலகத்தில் எனக்கு வேலை. ஒவ்வொரு கன்டெய்னருக்கும் ஒரு கத்தைத் தாள் உண்டு. அதில் ஒரு எழுத்து மாறிப்போனாலும் பெட்டி துறைமுக யார்டிலேயே நின்றுவிடும். பொடி எழுத்தில் அச்சிட்டதையும் விடாமல் வாசிப்பதுதான் என் தொழில். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் செய்ததைக் கேட்கும்போது, பாவம் தெரியாமல் செய்துவிட்டான் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். இதே ஊரில், பஸ்ஸில் இருபது நிமிஷம். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அத்தான் விளையாட்டு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் சுற்றுவட்டாரத்தில் அவரைத் தெரிந்தவர்களுக்கு அவர் மைக் வாத்தியார். வாலிபாலோ கபடியோ, போட்டி ஆத்தூரில் நடந்தாலும் வேம்பாரில் நடந்தாலும் வர்ணனை செய்ய அவரைத்தான் கூட்டிப்போவார்கள். "எழும்புதான், எழும்புதான், அடிச்சான் பாருங்க! அங்கன விழுந்தது பந்து இல்ல அண்ணாச்சி, எதிர் டீமோட தூக்கம்!" என்று அவர் சொன்னால், தோற்கிற பக்கத்துக்காரனும் சிரித்துவிடுவான். ஆட்டத்தைவிட அவர் பேச்சைக் கேட்க வந்தவர்களும் உண்டு. அந்த வர்ணனைகளை ஒரு சின்ன ரெக்கார்டரில் பதிந்து, வீட்டுக்கு வந்ததும் லேப்டாப்பில் ஊர் ஊராகப் பெயர் போட்டு வைப்பார். எல்லாம் டி டிரைவில் இருந்தன.

பக்கவாதம் வந்தபோது அவருக்கு வலது கையும் பேச்சும் போயின. கால் மெல்லத் திரும்பி வந்துவிட்டது. நாம் பேசுவது அவருக்கு முழுசாகப் புரிந்தது. பேப்பர் வாசித்தார். அவர் சொல்ல நினைத்தது மட்டும் வாய்வரை வந்து நின்றுவிடும். 'தண்ணி' என்ற வார்த்தைக்கு நெற்றி நரம்பு புடைக்கும்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண்தான் அந்த வழியைச் சொன்னார். நன்றாகப் பழகின பேச்சையோ பாட்டையோ ஓடவிட்டு, அதோடு சேர்ந்து சொல்லிப் பார்க்கச் சொன்னார். அக்கா அவருடைய வர்ணனையையே போட்டுவிட்டாள். இரண்டாம் நாள், லேப்டாப்பில் அவருடைய பழைய குரல் ஓட ஓட, அதோடு சேர்ந்து நாலு வார்த்தையை ஒரே மூச்சில் சொல்லியிருக்கிறார். "ஏல, அவிய பேசிட்டாவ!" என்று அக்கா போனில் கத்தியதும், உடனே அழுததும் எனக்கு இப்போதும் கேட்கிறது.

அக்கா பள்ளிக்கூடம் போய்விட்டால் பகலெல்லாம் அவர் தனியாகத்தான் இருக்க வேண்டும். அந்த லேப்டாப் பழசு. திறந்து முடிக்கப் பத்து நிமிஷம் எடுக்கும். அதன்பின் பாஸ்வேர்டு, அம்புக்குறியை நகர்த்துவது, இரண்டு தடவை தட்டுவது. இடது கையால் அவருக்கு இதெல்லாம் முடியவில்லை.

கீபோர்டுக்கு மேலே, இசைக்குறி படம் போட்ட ஒரு தனிப் பொத்தான் அதில் இருந்தது. வாங்கின புதிதில் அதை அமுக்கினால் விண்டோஸ் திறக்காமலே, சில விநாடியில் பாட்டும் படமும் மட்டும் ஓடும் ஒரு திரை வரும். எப்போதோ கடையில் விண்டோஸை மாற்றிப் போட்டபோது அது நின்றுபோனது. அந்த மென்பொருளைத் திரும்ப ஏற்றிவிட்டால், அத்தான் ஒரே பொத்தானை அமுக்கித் தன் குரலைத் தானே கேட்டுக்கொள்ளலாம். இந்த யோசனை என்னுடையதுதான். சொன்னபோது அக்காவின் முகத்தில் வந்த பெருமையை நான் நன்றாகவே கவனித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து போனேன். மென்பொருளைத் தேடிப் பிடித்துப் பென்டிரைவில் வைத்திருந்தேன். அக்கா அடுக்களையில் சீலா மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். அத்தான் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் ஒவ்வொன்றையும் அவருக்கு விளக்கிக்கொண்டே வேலை செய்தேன். தேவைக்கு அதிகமாகச் சத்தமாகவே விளக்கினேன். அடுக்களைக்கும் கேட்கட்டும் என்று நினைத்தேன் போல.

மென்பொருளுக்கு ஹார்ட் டிஸ்கில் தனியாக ஓர் இடம் வேண்டியிருந்தது. எந்த டிரைவ் என்று கேட்டது. டி என்று கொடுத்தேன். அதில் ஒரு மூலையை மட்டும் எடுத்துக்கொள்ளும் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். அடுத்து, மஞ்சள் முக்கோணத்தோடு ஒரு பெட்டி வந்தது. நாலு வரி ஆங்கிலம், கீழே ஆம், இல்லை.

அத்தான் இடது கையைத் தூக்கினார். "வே…" என்றார். "வே… வே…"

"வேம்பார் மேட்ச்தான அத்தான்? இருங்க, இது முடியட்டும். மொதல்ல அதையே போட்டுத் தாரேன்" என்று சிரித்துக்கொண்டே ஆம் என்பதை அமுக்கினேன்.

அவர் கை அப்படியே காற்றில் நின்றது. அவர் சொல்ல வந்தது 'வேண்டாம்'. அந்த நாலு வரியையும் அவர் வாசித்திருந்தார். நான் வாசிக்கவில்லை.

கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. பொத்தானை அமுக்கினேன். ஏழெட்டு விநாடியில் நீலத் திரை வந்தது. அழகாக இருந்தது. பட்டியல் மட்டும் காலி. விண்டோஸைத் திறந்து பார்த்தேன். டி டிரைவில் ஒன்றுமில்லை. அந்த நாலு வரி எச்சரித்தது இதைத்தான். திரும்பத் திரும்பத் திறந்து மூடினேன்.

அக்கா கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள். "என்னல, பாட்டு வருதா?"

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரே வரிதான். அதற்குப் பதிலாக, எதற்கும் அசராத மெக்கானிக் மாதிரி உதட்டைப் பிதுக்கினேன். "டிஸ்க் ஏற்கனவே போயிருக்கு அக்கா. பழைய லேப்டாப்லா? நான் கைவைக்கும்போதே டி டிரைவ் செத்துக் கெடந்திருக்கு. உள்ள இருந்ததெல்லாம் போச்சு."

"அவிய பேச்சுமா?"

"எல்லாந்தான்."

அத்தான் என்னையே பார்த்தார். கோபம் இல்லை. மாட்டிக்கொண்ட மாணவன் என்ன சொல்லப்போகிறான் என்று காத்திருக்கும் வாத்தியாரின் பார்வை. நான் பென்டிரைவைக் கழற்றுகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

அக்கா என்னை ஏசவில்லை. அதுதான் கஷ்டம். "நீ என்னல செய்வ? லீவு நாளும் அதுவுமா வந்து பாத்தியே, அதுவே பெருசு" என்று தேற்றினாள். இலையில் மீன் துண்டுகளை அள்ளி வைத்தாள். நான் சாப்பிட்டேன். இரண்டாம் முறை வைத்தபோதும் வேண்டாம் என்று சொல்லாமல் சாப்பிட்டேன். கிளம்பும் முன், என்னிடமிருந்த பழைய பாட்டுகளை அந்த லேப்டாப்பில் ஏற்றி, "அமுக்கிப் பாருங்க அத்தான், இப்பம் நல்லா வரும்" என்றேன். அவர் அமுக்கவில்லை.

அதற்குப் பிறகு சில வாரங்கள் அங்கே போகவில்லை. கப்பல் நிறைய வருகிறது, வேலை அதிகம் என்று சொல்லிக்கொண்டேன். அக்காதான் போனில் பேசுவாள். அத்தான் பயிற்சியை விட்டுவிட்டார் என்றாள். பாட்டு போட்டால் எழுந்து வெளியே போய்விடுகிறாராம். ஒருநாள் அவள் குரல் இறங்கியிருந்தது.

"ஏல, எனக்கு வேற பயமா இருக்கு. அவியளுக்கு மூளையும் கொழம்புதோ என்னவோ. நடக்காததெல்லாம் நடந்த மாதிரி சொல்லுதாவ. டாக்டர்ட்டயும் சொல்லிட்டேன்."

"என்னத்தச் சொல்லுதாவ?"

"ஒண்ணுமில்ல, விடு. நீ கேட்டா வருத்தப்படுவ."

போனை வைத்த பிறகு அலுவலகத்தில் என் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். முன்னால் ஏதோ ஒரு கன்டெய்னரின் தாள். வரிகளை வாசித்தேன், ஒன்றும் மனதில் ஏறவில்லை. அவர் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் உண்மையைச் சொல்லியிருக்கிறார். என் பொய் அதைப் பைத்தியக்காரப் பேச்சாக்கிவிட்டது.

மறுநாள் மத்தியானம் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு அங்கே போனேன். அக்கா பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் போனேன். இதையும் மறைக்க விரும்பவில்லை. அத்தானிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அவள் வருமுன் கிளம்பிவிடலாம் என்பதுதான் என் திட்டம். பேச முடியாதவரிடம் சொன்னால் அது வெளியே போகாது என்ற கணக்கும் அதில் இருந்தது.

அவர்தான் கதவைத் திறந்தார். உட்காரச் சொல்லி இடது கையைக் காட்டினார்.

"அத்தான், நான்தான் அழிச்சேன். டிஸ்க் நல்லாத்தான் இருந்துச்சு. வாசிக்காம அமுக்கிட்டேன். நீங்க வேண்டாம்னு சொன்னிய. நான் கேக்கல. பொறவு பொய்யும் சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டு அவர் காலருகே தரையைப் பார்த்தேன். அழுகை வந்தது. அவர் பேசத் தொடங்கினார். "அ…" என்றார். 'அழாதே' என்று சொல்ல வருகிறார் என்று என் வாய் அதை முடித்துவைக்கப் போயிற்று. பல்லைக் கடித்துக்கொண்டேன். மின்விசிறி சுற்றியது. தெருவில் மீன்காரம்மா கூவிக்கொண்டு போய்விட்டாள். "அக்…" என்றார். மறுபடி முதலிலிருந்து. கழுத்து வேர்த்தது அவருக்கு.

"அக்கா… கிட்ட… சொல்லு."

அவருக்கு என் கண்ணீர் ஒரு பொருட்டே இல்லை.

அக்கா நாலரை மணிக்கு வந்தாள். பையைக்கூடக் கீழே வைக்கவிடாமல் சொல்லிவிட்டேன். உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று எனக்குப் பயம். அவள் கேட்டு முடித்துவிட்டு, என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினாள்.

"அன்னைக்கே சொன்னாவ. நீ போன பொறவு. 'தம்பி அமுக்கிட்டான்'னு சொல்லி முடிக்க அவியளுக்கு எவ்வளவு நேரமாச்சு தெரியுமா? நான் ஏசினேன். 'உங்களுக்காக வந்து மெனக்கெட்டவன் மேல பழிபோடாதிய'ன்னு ஏசினேன். மறுநாளும் சொன்னாவ. அதுக்கு மறுநாளும். நான் டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போனேன்ல. அவரு இன்னைக்கு என்ன கிழமை, இது என்ன மாசம்னு கேக்காரு. பச்சப்பிள்ளைட்ட கேக்குற மாதிரி. அவிய தெரிஞ்சும் சொல்லமுடியாமத் தவிக்காவ. நான் பக்கத்துல நின்னு, 'பாத்தியளா டாக்டர்'ங்கேன்."

அவள் குரல் அங்கே உடைந்தது. என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. அறைக்குள் போய், கட்டிலில் இருந்த அத்தானின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் இடது கையால் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தார். நான் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டேன். யாரும் என்னை இருக்கச் சொல்லவில்லை.

அழிந்ததை மீட்டுத் தரும் ஒருவரிடம் அந்த ஹார்ட் டிஸ்கைக் கொடுத்தேன். நீங்கள் அதன் மேலேயே பாட்டுகளை ஏற்றியிருக்கிறீர்களே என்றார். அவர் எடுத்துத் தந்த கோப்புகளில் பெரும்பாலும் இரைச்சல். இரண்டு மூன்றில், பாதி வாக்கியம் வந்து அறுந்துபோகும்.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் ஊராகப் போனேன். வேம்பாருக்குக் கடற்கரைச் சாலை பஸ்ஸில் போய், உப்பளத்துக்குப் பக்கத்து மைதானத்தில் வாலிபால் ஆடிக்கொண்டிருந்தவர்களிடம் கேட்டேன். ஓட்டப்பிடாரம் பக்கம் ஒரு கபடிக் குழுவைத் தேடிப் போனேன். மைக் வாத்தியாருக்கு என்றதும் போன்களைத் துழாவித் தந்தார்கள். "என்ன ஆச்சு அண்ணாச்சி, அவருட்ட இல்லாததா?" என்று ஒவ்வொருவரும் கேட்டார்கள். "இருந்துச்சு. நான்தான் அழிச்சிட்டேன்" என்று ஒவ்வொரு இடத்திலும் சொன்னேன். சொல்லச் சொல்லப் பழகிவிடும் என்று நினைத்தேன். பழகவில்லை. ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வீடியோவை அனுப்பினார்.

கிடைத்தவை ஆட்டத்தைப் படம் பிடித்த வீடியோக்கள். அத்தானின் குரல் தூரத்துக் குழாய் ஒலிபெருக்கியிலிருந்து, காற்றோடும் கூச்சலோடும் சேர்ந்து வருகிறது. குரலை மட்டும் பிரித்து, கேட்கிற அளவுக்குத் தூக்கிவைத்து, லேப்டாப்பில் ஏற்றிக் கொடுத்தேன். இந்தத் தடவை ஒவ்வொரு பெட்டியையும் சத்தமாக வாசித்து, "அமுக்கட்டுமா அத்தான்?" என்று கேட்டு, அவர் தலையாட்டிய பிறகே அமுக்கினேன். அவர் பயிற்சிக்குத் திரும்பிவிட்டார். பகலில் தானே போட்டுக் கேட்கிறார். சின்னச் சின்ன வாக்கியங்கள் வருகின்றன. பழைய பதிவுகள் இருந்திருந்தால் இன்னும் சீக்கிரம் வந்திருக்குமா என்று பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் கேட்டேன். அது சொல்ல முடியாது என்றார். இல்லை என்று அவர் சொல்லவில்லை.

அக்கா மூன்று மாதம் என்னைச் சாப்பிடக் கூப்பிடவில்லை. இப்போது கூப்பிடுகிறாள். பழையபடி சிரிக்கிறாள். ஆனால் போனில் ஏதாவது கோளாறு என்றால் கடைக்குக் கொண்டுபோகிறாள். போன வாரம் சாப்பிடும்போது ஒரு பழைய விஷயம் பேச்சில் வந்தது. எங்கள் அப்பா எந்த வருஷம் வேலையில் சேர்ந்தார் என்பது. நான் ஒரு வருஷம் சொன்னேன். அத்தான் இல்லை என்று தலையசைத்தார். உடனே அக்கா கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "நீங்க சொல்லுங்க" என்றாள்.

நானும் சோற்றைப் பிசையாமல் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.