கை நுழையாத இடத்தில் ஒரு சென்சார்

என் மனைவிக்கு வாரத்தில் மூன்று நாள் தேனியில் டயாலிசிஸ். திங்கள், புதன், வெள்ளி. முதல் இரண்டு மாதம் கோம்பையிலிருந்து பஸ்ஸில்தான் போய் வந்தோம். ஒருநாள் திரும்பும்போது பிரஷர் இறங்கி, சின்னமனூர் பஸ் ஸ்டாண்டில் அவள் கூட்டத்துக்கு நடுவே சரிந்து விழுந்தாள். அதற்கு அடுத்த வாரம், பத்து வருடம் ஓடிய ஒரு டீசல் காரை வாங்கினேன்.

கார்த்திகையில் ஒரு புதன்கிழமை, சிகிச்சை முடிந்து வரும் வழியில், உத்தமபாளையம் தாண்டியதும் வண்டி நின்றது. இருமல் இல்லை, உதறல் இல்லை, ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் சட்டென்று அணைந்துவிட்டது. அரைமணி நேரம் ஆறவிட்டுச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆனது. இரண்டு கிலோமீட்டர் போனதும் மறுபடி நின்றது. அவள் பின்சீட்டில் படுத்திருந்தாள். வெயில் நேராக அவள் முகத்தில் அடித்தது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, "வீட்டுக்குப் போயிருவம்ல?" என்று மட்டும் கேட்டாள்.

ஆறவிட்டு ஆறவிட்டு, வந்த வழியே உத்தமபாளையத்துக்குத் திருப்பி, தெரிந்த மெக்கானிக் ஒருவரின் பட்டறைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அவர் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தார்.

"கிராங்க் சென்சாருண்ணே. இன்ஜின் சுத்துதா இல்லையான்னு கம்ப்யூட்டருக்குச் சொல்றது இதுதான். சூடானா இது செத்துப் போகுது. உடனே டீசலும் கட்டாகிருது."

"இப்பவே மாத்திவிட முடியுமா?"

அவர் வெளியே கையைக் காட்டினார். சபரிமலைக்குப் போகிற வண்டிகள் ரோட்டோரம் வரை நின்றன. "பூராம் சாமிமார் வண்டி. சனிக்கிழமை கொண்டாங்கண்ணே."

வெள்ளிக்கிழமை அவளுக்கு டயாலிசிஸ். ஒருமுறை தவறினால் உடம்பில் தண்ணீர் ஏறி, படுக்க முடியாமல் உட்கார்ந்தே மூச்சு வாங்குவாள். ஒருதரம் பார்த்திருக்கிறேன். வாடகை வண்டிக்கு நான்கு பேரிடம் போனில் கேட்டேன். நான்கு பேரும் சாமிமார்களை ஏற்றிக்கொண்டு குமுளி ரோட்டில் இருந்தார்கள். மெக்கானிக் ஒரு புது சென்சாரை எடுத்து என் கையில் வைத்தார்.

"ஒரே ஒரு பத்தாம் நம்பர் போல்ட்டுதான். ஆனா இன்ஜினுக்குப் பின்னாடி, அடியில கெடக்கு. கை நுழையாது. வழிய மறைக்கிற ஸ்டார்ட்டர எறக்கணும். முடிஞ்சா பாருங்க."

திராட்சைக்கு மருந்தடிக்கிற பம்பையும் கிணற்று மோட்டாரையும் நானே பிரித்துப் பூட்டுகிறவன். முடியும் என்றுதான் நினைத்தேன். அதேபோல ஆறவிட்டு ஆறவிட்டு வீடு வந்து சேர்ந்தோம்.

வியாழக்கிழமை காலை வீட்டு வாசலில் வேலையை ஆரம்பித்தேன். பேட்டரி வயரைக் கழற்றினேன். ஏர் ஃபில்டர் பெட்டியையும் அதன் குழாயையும் எடுத்து வெளியே வைத்தேன். டார்ச் அடித்தால், ஆழத்தில், கட்டைவிரல் அளவுக்கு ஒரு கறுப்புத் தலை தெரிந்தது. கையை விட்டேன். விரல்கள் போயின, உள்ளங்கை போகவில்லை. எண்ணெய் தடவிக்கொண்டு விட்டேன். விரல் முட்டிகளில் தோல் உரிந்ததுதான் மிச்சம். சரி, ஸ்டார்ட்டரை இறக்கிவிடலாம் என்று வண்டிக்கு அடியில் படுத்தேன். மேல் போல்ட் துருப்பிடித்துக் கிடந்தது. முரட்டுத்தனமாகத் திருப்பினேன். அதன் முனைகள் மழுங்கி, ஸ்பேனர் வழுக்கத் தொடங்கியது. அந்த வழியும் அடைந்துபோனது.

மத்தியானம் ஆகிவிட்டது. ஸ்பேனரைத் தூக்கிச் சுவரில் எறிந்தேன்.

அவள் வாசற்படி அருகே நாற்காலியில் உட்கார்ந்து காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பாதங்கள் அதற்குள் வீங்கத் தொடங்கியிருந்தன. மெல்ல எழுந்து வந்தாள்.

"என் கை போகும்," என்றாள்.

"வேணாம் புள்ள. பேசாமப் போய் உக்காரு."

"தள்ளுங்க, பாப்போம்."

இடது கையில் டயாலிசிஸுக்காக இரண்டு ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்திருந்தார்கள். அதில் பாரம் படக்கூடாது. அவள் நீட்டியது வலது கையை. கல்யாணத்தன்று சோப்புத் தண்ணீர் தடவித்தான் அந்தக் கையில் வளையல் ஏற்ற முடிந்தது. இப்போது மணிக்கட்டு என் இரண்டு விரல்களுக்குள் அடங்கும். வளையல்கள் நழுவி விழுகின்றன என்று அவளே எப்போதோ கழற்றி வைத்துவிட்டாள்.

பலகை போட்டு ஏறி நின்றாள். நான் ஒரு கையால் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மறு கையால் டார்ச் அடித்தேன். கை முழங்கை வரை தடையில்லாமல் இறங்கியது. அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"அங்கன ஒரு வயரு வருது."

"அதுல ஒரு கிளிப்பு இருக்கும். அமுக்கிக்கிட்டே இழு."

"வந்துருச்சு. போல்ட்ட எந்தப் பக்கம் திருப்ப?"

"உன் பக்கமா இழு. பதறாத."

அவள் ஸ்பேனர் பிடித்ததே அன்றுதான் முதல் தடவை. நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. மூன்று முறை நிறுத்தி மூச்சு வாங்கினாள். போதும் என்றேன், கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் போல்ட்டை உள்ளங்கையில் வைத்து என்னிடம் நீட்டினாள். பழைய சென்சார் பிடித்துக்கொண்டிருந்தது. இப்படியும் அப்படியும் முறுக்கி, எண்ணெய் சொட்டச் சொட்ட வெளியே எடுத்தாள். புதியதன் ரப்பர் வளையத்தில் நான் எண்ணெய் தடவிக் கொடுத்தேன். உள்ளே உட்கார்ந்தது. போல்ட்டை முறுக்கி, வயரையும் மாட்டிவிட்டாள்.

கையை உருவும்போது ஒரு தகட்டின் விளிம்பு முன்கையைக் கிழித்துவிட்டது. சின்னக் கீறல்தான். ஆனால் இந்த நோய்க்காரர்களுக்கு ரத்தம் சீக்கிரம் உறையாது. துண்டை வைத்து அழுத்திக்கொண்டு, முன்சக்கரத்தில் சாய்ந்தபடி இருவரும் தரையில் உட்கார்ந்தோம். துண்டு நனைந்தது. இன்னொன்று எடுத்தேன். அரைமணி நேரத்துக்கும் மேல் ஆனது.

"டாக்டர் வையப் போறாக," என்றேன்.

"ஒரு வருசமா ஊசி குத்தத்தான் இந்தக் கைகள நீட்டுறேன். இன்னைக்கு ஒரு வேல பாத்துருக்கேன். அழுகாம இருங்க."

வெள்ளிக்கிழமை வண்டி நிற்காமல் தேனி போய்ச் சேர்ந்தது. நர்ஸ் கட்டைப் பிரித்துப் பார்த்து, "என்னக்கா இது?" என்று கேட்டாள். "பூனை பிறாண்டிருச்சு," என்றாள் இவள். நர்ஸ் என் நகங்களில் படிந்திருந்த கறுப்பைப் பார்த்தாள். புதுக் கட்டுப் போட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு வந்த வாரங்களிலெல்லாம் இன்ஜின் சுற்றைக் காட்டும் முள்ளைப் பார்த்தபடியேதான் ஓட்டினேன். அது ஆடினால் வேகத்தைக் குறைத்து ரோட்டோரம் ஒதுங்குவேன். பக்கத்தில் அவள் என்ன பேசினாள், வெளியே எதைப் பார்த்தாள், முகம் எப்படி இருந்தது என்று இப்போது யோசித்தால் பாதிகூட நினைவில் இல்லை. முள் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவளுக்கு நெஞ்சடைத்தது. ஓடிப்போய் வண்டியைக் கிளப்பினேன். முதல் திருப்பிலேயே ஸ்டார்ட் ஆனது. கதவைத் திறந்து வைத்துவிட்டு அவளைத் தூக்க உள்ளே ஓடினேன். கட்டிலின் விளிம்பில், கையை ஊன்றி உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

"வேணாம். வண்டிய அமத்திட்டு இங்கன வந்து உக்காருங்க."

வண்டியை அமர்த்திவிட்டு வந்து உட்கார்ந்தேன். மூச்சு அடங்கும்வரை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.