பச்சைப் பட்டுப் பாவாடை

மூன்று வருடங்களுக்கு முன், தை மாதம், கடலூரில் தென்பெண்ணை ஆற்றுத் திருவிழா நடந்த நாள். நான் சிதம்பரத்திலிருந்து தங்கை வீட்டுக்கு வந்திருந்தேன். வேண்டுதலுக்காக நாலு வயது வரை முடி வளர்த்திருந்த அவள் மகனுக்கு, மறுநாள் புவனகிரி பக்கத்தில் குலதெய்வக் கோயிலில் மொட்டை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் முடி இறக்குவார்கள்.

முடி இறக்கும் முன் ஆண் குழந்தைக்குப் பாவாடை கட்டி, ஜடை பின்னி, பூ தைத்துப் படம் எடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். காலையில் ஸ்டூடியோவில் அதை முடித்தோம். "மகாலட்சுமி மாதிரி இருக்கான்" என்று ஆளாளுக்குக் கொஞ்சினார்கள். வீட்டுக்கு வந்ததும் கழற்றச் சொன்னால், பையன் மறுத்துவிட்டான்.

"போட்டோ எடுத்தாச்சில்ல, கழட்டுடா. ஊரு சிரிக்கும்" என்றார் எங்கள் மாப்பிள்ளை, அவன் அப்பா.

"நீ சிரிக்காத, போதும்" என்றான்.

வேறு வழியில்லாமல் அப்படியே ஆற்றுக்கு அழைத்துப் போனோம். மதிய வெயில் மணலில் பால்போல் பரவியிருந்தது. குடைகளுக்குக் கீழே சாமிகள் தோளில் அசைந்து அசைந்து வந்தன. கற்பூரப் புகைக்குப் பின்னால் மனிதர்கள் கரைந்து கரைந்து தெரிந்தார்கள். ஒவ்வொரு சாமியாகத் தண்ணீரில் இறங்க, கூட்டமும் சேர்ந்து இறங்கியது. ஒரு தள்ளுமுள்ளு. நிமிர்ந்தபோது பையன் இல்லை.

கார் பொம்மைக் கடை, துப்பாக்கிக் கடை, பலூன் சுடும் இடம் என்று ஓடினோம். எங்கும் இல்லை. தண்ணீர் பக்கம் பார்க்கவே பயமாக இருந்தது. உதவிக் கூடாரத்துக்குப் போனோம்.

"பையனா, பொண்ணா?"

"பையன்."

"என்ன டிரெஸ்?"

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். "பச்சை... பச்சை சட்டை."

"பாவாடைன்னு சொல்லுங்க மாப்ள" என்றேன் மெதுவாக.

"எங்க கம்பெனி ஆளுங்க பாதிப் பேரு இங்கதான் இருக்காங்க மச்சான். மொதல்ல தேடுவோம்."

பச்சைச் சட்டைப் பையனைப் பற்றிய குரல் ஆற்றின் மேல் மிதந்து போனது. நாங்கள் தண்ணீரோரமாக நடந்தோம். முழுகி எழும் ஒவ்வொரு சின்னத் தலையும் அவன் தலையாகத் தெரிந்து, பிறகு வேறு யாரோ ஆனது. மாப்பிள்ளை சட்டென்று நின்றார். கூடாரத்தை நோக்கித் திரும்பி ஓடினார். சற்று நேரத்தில் மைக்கில் அவருடைய குரலே கேட்டது.

"என் பையன் பச்சைப் பட்டுப் பாவாடை கட்டியிருக்கான். ஜடையில பூ தச்சிருக்கோம். யாராவது பாத்தா சொல்லுங்க."

கூடாரத்துக்கு அருகிலேயே, சேலையை நிழலுக்குக் கட்டியிருந்த இடத்திலிருந்து ஒரு பெண் எழுந்து கையை ஆட்டினாள். நெல்லிக்குப்பத்திலிருந்து வந்தவள். அவளுடைய இரண்டு மகள்களோடு எங்கள் பையன் சொப்பு வைத்து மணல் சோறு ஆக்கிக்கொண்டிருந்தான்.

"பையனக் காணோம்னு மைக்ல சொன்னப்ப நானும் எழுந்து தேடுனேண்ணா. இது என் பக்கத்துலயே இருக்கு. பேரு கேட்டா மகாலட்சுமின்னுச்சு. அடுத்த பாயில இருக்கறவங்க பொண்ணுன்னு நெனச்சிட்டேன்" என்று சொல்லும்போதே அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

மாப்பிள்ளை மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பையன் ஒரு சின்னத் தட்டில் அவருக்குச் சோறு போட்டான். வாயருகே கொண்டுபோய், "உப்பு ஜாஸ்தி" என்றார்.

"அப்ப நாளைக்கு நீ ஆக்கு."

"ஆக்குறேன்."

பையனைத் தோளில் தூக்கிக்கொண்டு கிளம்பினார். வழியில் கம்பெனி நண்பர் ஒருவர் நிறுத்தினார். "என்னப்பா, உனக்குப் பையன்தான?"

"பையன்தான்" என்றார். மொட்டையைப் பற்றி, வழக்கத்தைப் பற்றி எந்த விளக்கமும் சொல்லவில்லை. பாவாடை காற்றில் அவர் முகத்தில் மோத, நடந்துகொண்டே இருந்தார்.

இப்போதும் ஏதாவது கூட்டத்தில், காணாமல் போன குழந்தையின் அடையாளத்தை மைக்கில் சொல்வது காதில் விழுந்தால், அந்தக் குழந்தைக்கு என்ன விளையாடப் பிடிக்கும் என்று யாராவது கேட்டிருப்பார்களா என்றுதான் மனம் முதலில் நினைக்கிறது.