அலை வாங்கப் போனவர்

சித்தப்பா முதலில் மீன் தொட்டியின் இடது பக்கக் கண்ணாடியில் காதை வைப்பார். பிறகு வலது பக்கம். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு நடுவில். பல் தேய்க்கிற பிரஷ் அப்போதும் வாயிலேயே இருக்கும்.

"கேக்குதா? கர்ர்னு ஒரு சத்தம் வருது பாரு, அது பரவாயில்ல. அதுக்குள்ள ஒரு டிக் இருக்கு. அதுதான் ஆகாது."

எங்கள் யாருக்கும் அந்த டிக் கேட்டதில்லை. சித்தி உள்ளேயிருந்து, "எனக்கு உங்க சத்தந்தான் கேக்குது. வாயக் கொப்பளிச்சிட்டு வந்து பேசுங்க" என்பார்.

சித்தப்பா குடும்பம் எங்களுக்குக் கீழ்வீடு. அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவர். அவர் வீட்டு முன்னறையில், டிவி இருக்க வேண்டிய இடத்தில், ஒரு ஆள் நீட்டிப் படுக்கலாம் என்கிற நீளத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கிறது. உள்ளே உப்புத் தண்ணீர், பாறைகள், பவளங்கள், ஒரு ஜோடி கோமாளி மீன்கள். பவளம் என்றால் மாலையில் கோக்கிற சிவப்பு மணி இல்லை. உயிரோடு இருப்பவை. ஒட்டிய பாறையை விட்டு அவற்றால் நகர முடியாது. சாப்பாடும் காற்றும் ஓடுகிற தண்ணீரில் வந்து சேர்ந்தால்தான் உண்டு. அதனால் தொட்டிக்குள் எந்நேரமும் அலை வேண்டும். அந்த அலையை உண்டாக்குவது கண்ணாடியில் காந்தத்தால் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்ன பம்ப். சித்தப்பா காதுக்கு டிக் என்றது அதுதான்.

புது பம்ப் வாங்க வேண்டும். அதில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

கடையில் பார்த்தால் அவர் வேறு ஆள். வந்தவரை நாற்காலியில் உட்கார வைத்து, கண்ணுக்கு முன்னால் வில்லைகளை மாற்றி மாற்றிப் போடுவார். "ஒண்ணு தெளிவா, ரெண்டு தெளிவா? ரொம்ப யோசிக்காதீங்க. மனசுல பட்டதச் சொல்லுங்க." குழந்தையைத் தூங்கவைக்கிற குரல். தயங்குகிறவர்கள்கூட அந்தக் குரலுக்குக் கட்டுப்பட்டுச் சட்டென்று பதில் சொல்லிவிடுவார்கள். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினால் அந்தக் குரலும் கூடவே கழன்றுவிடும்.

"கடைக்கு வர்றவங்களுக்கு ரெண்டு நொடிதான் குடுக்கறார்" என்று சித்தி என் அம்மாவிடம் சொன்னார். "இவரு மட்டும் இந்த ஒரு பம்ப வெச்சுக்கிட்டு அடுத்த பிறவி வரைக்கும் யோசிப்பார் போல, அக்கா." சித்தி கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். முடிவெடுக்கத் தயங்குகிறவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாள் முழுக்கப் பிரேக்கில் கால் வைத்திருப்பவர்.

சித்தப்பா யோசிக்கும் விதமே தனி. போனில் ஒவ்வொரு பம்ப்பைப் பற்றியும் வாங்கியவர்கள் எழுதியதைப் படிப்பார். ஆனால் ஒற்றை நட்சத்திரம் கொடுத்தவர்கள் எழுதியதை மட்டும்தான். பாராட்டி எழுதியவர்களை அவர் நம்புவதில்லை. "நல்லா இருக்குன்னு சொல்றவன் இன்னும் சரியாப் பாக்கலன்னு அர்த்தம்." இப்படிப் படித்தால் உலகத்தில் எந்தப் பம்ப்பும் தேறாது. ஒன்று சத்தம் போடும். ஒன்றின் காந்தம் நழுவும். வேகமானதை வாங்கினால் அடியில் கிடக்கும் மணல் புயலாகக் கிளம்பிப் பவளங்களின் சதையைக் கிழிக்கும். மெதுவானதை வாங்கினால் பாறைக்குப் பின்னால் அழுக்கு தங்கி அழுகும். பெரிதாக ஒன்று வாங்குவதா, சின்னதாக இரண்டு வாங்கி எதிரெதிரே வைப்பதா என்று தொடங்கினால் சோறு ஆறிப்போகும்.

எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. பயப்படுவதற்கு இதில் என்ன இருக்கிறது என்று ஒருநாள் கேட்டேன். தொட்டியின் நடுப்பாறையைக் காட்டினார்.

அங்கே ஒரு கடற்சாமந்தி இருக்கிறது. பார்க்கப் பூ மாதிரி இருந்தாலும் அது ஒரு பிராணி. சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு விரிந்து, விரல் விரலாக அசைந்துகொண்டே இருக்கும். கோமாளி மீன்கள் இரண்டுக்கும் அதுதான் வீடு. பவளம் போல் இல்லாமல் இதற்கு அடியில் ஒரு பாதம் உண்டு. நீரோட்டம் பிடிக்கவில்லை என்றால் பாதத்தைப் பெயர்த்துக்கொண்டு நடக்கும். நல்ல ஓட்டத்தைத் தேடி நடந்து, ஓட்டம் கிளம்புகிற இடமான பம்ப்பிடமே போய்ச் சேரும்.

"முந்தின வீட்டுல இதே மாதிரி ஒண்ணு இருந்துச்சு" என்றார். "பம்பு மேல ஒரு வலைமூடி இருக்கும். அழுக்கு அடைச்சுக்குதுன்னு நான்தான் அதைக் கழட்டி வெச்சேன். வேலைக்குப் போயிட்டு வந்து பாத்தா தொட்டி முழுக்கப் பால் மாதிரி. உள்ள போயி அரைபட்டிருக்கு. அதோட விஷத்துல ஒரு மீன் பாக்கியில்ல." அதற்கப்புறம் அந்தத் தொட்டி வெகுநாள் காலியாகக் கிடந்ததாம். சித்தி அதில் குடைகளைப் போட்டு வைத்திருந்தாராம். சொல்லிவிட்டு மறுபடி காதைக் கண்ணாடியில் வைத்தார். அதன்பிறகு நான் சிரிக்கவில்லை.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம் பழைய பம்ப் நின்றுவிட்டது. கர்ரும் இல்லை, டிக்கும் இல்லை. சித்தப்பா சாப்பிட்ட கையோடு எழுந்து வந்து தொட்டியைப் பார்த்தார். பவளங்களின் நுனிகள் அசையவில்லை. வடிகட்டியிலிருந்து விழும் கொஞ்சம் தண்ணீர் ஒரு மூலையை மட்டும் கலக்கிக்கொண்டிருந்தது. அவர் ஒரு குவளையை எடுத்துத் தொட்டித் தண்ணீரையே மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றத் தொடங்கினார்.

சித்தி வந்து குவளையைப் பிடுங்கிக்கொண்டார். "இத நான் செய்யறேன். நீங்க கடைக்குப் போங்க. இன்னிக்கு ஏதாவது ஒண்ணு வாங்காம வந்தீங்க, இந்தத் தண்ணிய உங்க தலையிலதான் ஊத்துவேன்."

"எதை வாங்கறது?"

"ஓடறத வாங்குங்க!"

நானும் கூடப் போனேன். மீன் கடைக்காரருக்கு அவரை நன்றாகத் தெரியும். உள்ளே நுழைந்ததுமே, "சார், இன்னிக்காவது பம்பு வாங்க வந்தீங்களா, இல்ல அதுமேல கேஸ் போட வந்தீங்களா?" என்றார். சித்தப்பா சிரிக்கவில்லை. "ஒரு வாளித் தண்ணி வேணும்" என்றார்.

வாளி வந்தது. பெரிய பம்ப் ஒன்றை உள்ளே ஓடவிடச் சொன்னார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஊதாத பலூன் ஒன்றை எடுத்தார். "கடற்சாமந்தியோட பாதம் இப்படித்தான் இருக்கும். இவ்வளவு மெத்துன்னு" என்று என் விரலில் வைத்துக் காட்டினார். பலூனை நனைத்து பம்ப்பின் பின்பக்கம், தண்ணீரை இழுக்கிற இடத்தில், கொண்டுபோனார். வலைமூடியின் இடுக்கு வழியாகப் பலூனின் வால் உள்ளே போனது. மடமடவென்று ஒரு சத்தம். பம்ப் நின்றுவிட்டது.

"சார், அது புது பீஸ் சார்!" என்றார் கடைக்காரர்.

"தெரியும். இப்ப சின்னத ஓட விடுங்க."

சின்னதின் மூடி சீப்பு மாதிரி நெருக்கமாக இருந்தது. பலூன் வெளியே ஒட்டிக்கொண்டு படபடத்ததே தவிர உள்ளே போகவில்லை. கடைக்காரர் வாயெல்லாம் பல்லாக நின்றார். சித்தப்பா போனை எடுத்து எதையோ தேடினார். "ஆனா ஒரு மாசத்துல சத்தம் வருதுன்னு ஒருத்தர் எழுதியிருக்காரே..."

"அந்த ஒருத்தர எனக்குப் புடிச்சுக் குடுங்க சார். உங்களுக்கு ரெண்டும் சும்மாத் தர்றேன்."

அந்த நேரத்தில் போன் அடித்தது. சித்தியின் குரல் எனக்கே கேட்டது. "ஏங்க, அது நடக்குது."

சித்தப்பா முகம் மாறியதைப் பார்த்தேன். பெரியதா, சின்னதா, சத்தமா, காந்தமா, எதுவும் கேட்கவில்லை. "சின்னது ரெண்டு குடுங்க" என்றார். பில்லுக்கும் நிற்காமல் வெளியே போய்விட்டார். நான்தான் வாங்கிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

வீட்டுக்கு வந்தபோது சித்தி நாற்காலிமேல் நின்று ஊற்றிக்கொண்டிருந்தார். தரையெல்லாம் உப்புத் தண்ணீர். கடற்சாமந்தி நடுப்பாறையின் உச்சியை விட்டு விளிம்புவரை இறங்கியிருந்தது. சுருங்கிக் கசங்கின கைக்குட்டை மாதிரி இருந்தது. மீன்கள் இரண்டும் அதைச் சுற்றிச் சுற்றி வந்தன.

சித்தப்பா பம்ப்புகளைத் தொட்டியின் இரண்டு கோடியிலும் உயரத்தில், எதிரெதிரே பொருத்தினார். இரண்டு ஓட்டமும் நடுவில் மோதிக்கொண்டால் வேகம் உடைந்து மெதுவாகிவிடும் என்பது கணக்கு. சித்தி ஸ்விட்சைப் போட்டார். பவளங்களின் நுனிகள் முதலில் அசைந்தன. பிறகு அலை பாறைக்கு வந்தது. கடற்சாமந்தி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பாதத்தின் ஓரம் பாறையிலிருந்து பிரிந்து வெள்ளையாகத் தெரிந்தது.

சித்தப்பா முழுக்கைச் சட்டையோடு கையைத் தோள்வரை உள்ளே விட்டார். உள்ளங்கையை விரித்து அதற்கும் அலைக்கும் நடுவில் சுவர் மாதிரி வைத்தார். சாய்ந்தது நிமிர்ந்தது. வீட்டைக் காக்க வந்த பெரிய கோமாளி மீன் அவர் மணிக்கட்டைக் கடித்தது.

"கடிக்குதா?" என்றார் சித்தி.

"கடிக்கட்டும்."

"கைய எடுங்க. அதுவே புடிச்சுக்கும்."

"புடிக்கலன்னா?"

"நாளைக்குக் கடையில எப்படிக் கண்ணு பாப்பீங்க? தொட்டியத் தூக்கிட்டுப் போவீங்களா?" சித்தி சிரிக்கத்தான் பார்த்தார். முடியவில்லை. நாற்காலியிலிருந்து இறங்கி வந்து கண்ணாடிக்கு முகத்தை ஒட்டி வைத்துக்கொண்டார். "ஓரம் ஒட்டிருச்சு. நெசமாத்தான். இங்கேருந்து எனக்குத் தெரியுது."

சித்தப்பா சித்தியின் முகத்தைப் பார்த்தார். பிறகு தண்ணீருக்குள் கட்டைவிரலை மடக்கினார். மெல்லிய ஓட்டம் ஒன்று உள்ளே போய்ப் பூவின் ஓரத்தை அசைத்தது. கொஞ்சம் பொறுத்து ஆள்காட்டி விரல். அப்புறம் நடுவிரல். மோதிர விரலை மடக்க வெகுநேரம் ஆனது. பூ விரிந்துகொண்டிருந்தது. சுண்டுவிரல் மட்டும் அலைக்குக் குறுக்கே நிமிர்ந்தே நின்றது.