பூட்டுத் தொங்கிய குடில்

ஹெஸ்டர் சைலஸுக்குச் செத்த ஊரைக் காவல் காப்பதுதான் உத்தியோகம். வடகோடிப் பனிநாட்டில், யூக்கான் ஆற்றங்கரையில் தங்கம் கிடைத்த காலத்தில் குடியும் கூத்துமாகக் கிடந்த ஊர். தங்கம் தீர்ந்ததும் வந்தவர்கள் வந்த வழியே போய்விட்டார்கள். மிஞ்சியது கோணல் தேவாலயமும் ஒரு மரக்குடிலும். மேட்டில், அந்த மண்ணின் பூர்வகுடிகளான ஹெஸ்டரின் சனங்களுடைய கல்லறைகள். அரசாங்கம் நட்ட பலகையில் தங்கத்தைப் பற்றித்தான் பீற்றியிருந்தது. அந்தக் கல்லறைகளைப் பற்றி ஒரு வரி கிடையாது.

கோடையில் படகேறி வருகிற கூட்டத்தைக் கண்டாலே அவளுக்குக் குமட்டும். கக்கூஸ் இருக்க, தேவாலயத்துக்குப் பின்னால் குந்துவார்கள். மண்வெட்டியோடு போய் அள்ளுவாள்.

"கரடிகூட மறைவாப் போகுது. இதுகளுக்கு என்ன கேடு?"

இந்தக் கோடையில் ஒருநாள் குடிலுக்குள் நுழைந்தால் ஒரே கொழுப்பு நாற்றம். அடுப்பில் வெள்ளைச் சாயம் அடித்த கட்டைகள் பாதி எரிந்து கிடந்தன. மேட்டுக்கு ஓடினாள். அவள் புருஷன் கல்லறையைச் சுற்றியிருந்த வெள்ளை மரவேலி, பல் பிடுங்கிய வாய் மாதிரி இளித்துக்கொண்டிருந்தது. மறுநாளே குடிலுக்குப் பூட்டுப் போட்டாள்.

எந்தக் காலத்திலும் பூட்டு ஏறாத கதவு அது. குளிரில் விறைத்து வருகிறவன் யாரானாலும் உள்ளே போகலாம். அடுப்பில் சுள்ளி அடுக்கித் தயாராக இருக்கும், குச்சியைக் கிழித்துப் போட்டால் போதும். போகும்போது அடுத்து வருகிறவனுக்கு அவனும் அப்படியே அடுக்கிவிட்டுப் போக வேண்டும்.

மேலாற்றில் மிருகங்களுக்குக் கண்ணி வைக்கிற கொழுந்தன் ராஸ்கோ பூட்டைப் பார்த்துச் சிரித்தான்.

"என்ன மதினி, உள்ள தங்கம் கிங்கம் இருக்கா?"

"உங்கண்ணன் வேலியில கறி சுட்டுத் தின்னுருக்கானுக. இன்னும் விருந்து வைக்கணுமா?"

"கோடையில வந்தவன் செஞ்சதுக்குக் குளிர்ல வர்றவன் என்ன பண்ணுவான்? பனி விழுந்ததும் கழட்டிரு."

"எல்லாம் ஒரே கழுதைங்கதான். கழட்ட மாட்டேன், போ."

பனி விழுந்தது. அவள் கழற்றவில்லை.

ஆறு உறையத் தொடங்கிய பிறகு, குளிர்காலத்துக்குத் தங்கும் தன் வீட்டிலிருந்து பனிவண்டியில் குடிலைப் பார்க்கப் போனாள். பூட்டு அப்படியே தொங்கியது. சன்னல் கண்ணாடி உடைந்திருந்தது.

"சனியனுங்க, குளிர்லயுமா!"

மூக்கைப் பொத்திக்கொண்டு கதவைத் திறந்தாள். உள்ளே நாற்றமில்லை. தரை பெருக்கியிருந்தது. விறகுப் பெட்டி நிறைந்திருந்தது. அடுப்பில் சுள்ளி, மேலே தீப்பெட்டி. பனி உள்ளே வராதபடி சன்னல் ஓட்டையில் தோல் கையுறை ஒன்று அடைத்திருந்தது. அதன் பாசிமணி வேலைப்பாடு அவள் கையால் தைத்தது. ராஸ்கோவுக்கு.

நேரே அவன் வீட்டுக்குப் போனாள். துணி சுற்றிய வலது கையோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். வெளியே தெரிந்த சுட்டுவிரல் நுனி குளிரில் செத்துக் கறுத்திருந்தது.

"ஆத்துல பனி ஒடஞ்சு கால் முங்கிருச்சு மதினி. குடில்ல காஞ்சுட்டு வந்தேன்."

"கையில கோடாலி இருந்துச்சுல்ல? பூட்ட ஒடைக்க வேண்டியதுதானே?"

"நீ போட்ட பூட்டு, மனசு வரல. கண்ணாடின்னா மாத்திக்கலாம்."

"வெறுங்கையோட வந்தியே, விரல் போச்சே!"

"மூக்கு நோண்ட இன்னொன்னு இருக்குல்ல?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கோடைக் கூட்டத்தின் மேல் வந்த அதே குமட்டல் இப்போது தன் மேலேயே வந்தது. குடிலுக்குத் திரும்பிப் பூட்டைக் கழற்றினாள். கக்கூஸ் குழிக்குள் வீசினாள். கீழே எல்லாம் கல்லாய் உறைந்திருந்ததால் டணங்கென்று சத்தம் கேட்டது.

கோடையில் குழி இளகிப் பூட்டு அமிழும். வருகிற பன்றிகளில் எதற்காவது கக்கூஸுக்குள் வரத் தெரிந்தால், அந்தப் பூட்டின் மேலேயே குந்தட்டும்.