மூன்று மணிக்கு இரண்டு கதவுகள்

சோல்வே டோஸ்டாட் பாடினால் மின்னசோட்டாவில் ஏரிப் பனி ஒரு மாதம் முன்னதாகவே விரிசல் விடும் என்பார்கள். கண்ணால் பார்த்தவர் இல்லை. ஆனால் ஊரில் மறுத்தவரும் இல்லை. பள்ளியில் நான்கு வருடமும் இசை நாடகக் கதாநாயகி அவள்தான். ஆகவே கல்லூரித் தேர்வுக்கும் இசை நாடகப் பிரிவென்றே எழுதிக் கொடுத்தாள். அப்பா ஆர்வில், சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவர், எட்டு மணி நேரம் காரோட்டி அவளைச் சிகாகோவுக்குக் கூட்டி வந்தார்.

கல்லூரிகளெல்லாம் ஒரே ஓட்டலில் ஆளுக்கொரு அறை பிடித்துப் பிள்ளைகளைப் பாடவும் பேசவும் ஆடவும் வைத்துப் பார்க்கும் பிப்ரவரி வாரம் அது. லிப்டில்கூட யாராவது ஸ்வரம் இழுத்துக்கொண்டிருப்பார்கள்.

காலையில் ஒரு கல்லூரியின் அறையில் சோல்வே அரை நிமிடப் பாட்டைப் பிசகில்லாமல் பாடினாள். பிறகு ஒரு நிமிட வசனம்: கணவனை வறுத்தெடுக்கும் ஒரு மனைவியின் பேச்சு. அதை வீட்டில் யாரும் கேட்டதில்லை. காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பழகியது. மதியம் ஒட்டிய பட்டியலில், மூன்று மணி நடனச் சுற்றுக்கு அவள் பெயர் இருந்தது. ஆர்வில் பாதி ஊருக்குச் செய்தி அனுப்பிவிட்டார்.

மகளோ சாண்ட்விச்சைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அதே கல்லூரியின் நடிப்புப் பிரிவுத் தேர்வுக்கு வரவேண்டிய ஒருவருக்குப் பனியால் விமானம் வரவில்லை. அவருடைய மூன்று மணி இடம் காலியாம். ஆனால் ஒருவர் ஒரு பிரிவில்தான் தேர்வுக்கு நிற்கலாம்.

“பாடும்போது எப்ப முடியும்னு எண்ணிக்கிட்டே இருந்தேன்பா. பேசும்போது அவங்க போதும்னு சொன்னதுகூடக் கேக்கல. மூணு தடவ சொன்னாங்களாம். நான் நடிப்புக்குப் போறேன்.”

ஆர்வில் காபியை ஊதி ஊதிக் குடித்தார். அது ஆறி அரை மணி ஆகியிருந்தது.

“ஊருக்கே சொல்லிட்டேனே, குட்டி.”

“தெரியும்.”

“அங்க வேணாம்னுட்டா, இங்கயும் கதவ சாத்தியிருப்பாங்க.”

“அதுவும் தெரியும்.”

அவளே போய் நடனப் பட்டியலில் தன் பெயரை அடித்துவிட்டு வந்தாள்.

மூன்று மணிக்கு நடிப்பு அறைக்குள் போனாள். வெளியே நாற்காலியில் ஆர்வில். சற்று நேரத்தில் கதவைத் தாண்டி ஒரு குரல் வந்தது. பெருக்கித் துடைத்த வீட்டுக்குள் பூட்ஸோடு வருகிற லட்சணமா இது, இருபது வருஷமாகத் தன்னை மனுஷியாகவாவது நினைத்ததுண்டா என்று கேட்டது. தாழ்வாரத்தில் ஸ்வரம் பாடிக்கொண்டிருந்த ஆறு பேர் வாயை மூடிக்கொண்டார்கள். மேலே ஏழாம் மாடியில் யாரோ ஒருவர் மனைவியைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டதாகவும் பேச்சு.

சோல்வே வெளியே வந்தபோது, அப்பா காலுறையோடு நின்றிருந்தார். பூட்ஸ் இரண்டும் கையில்.

“ஏம்ப்பா கழட்டின?”

ஆர்வில் குனிந்து தன் காலைப் பார்த்தார்.

“நீதானே திட்டின” என்றார். பிறகு பூட்ஸைக் கீழே வைத்துவிட்டு, ஊருக்குச் செய்தியைத் திருத்தி எழுத உட்கார்ந்தார்.