திரும்பி வருகிற படிப்பு

கோபம் வந்தால் எனக்கு மலையாளம் வந்துவிடும்; கேரள எல்லை தாண்டிப் பாறசாலையில் பள்ளிக்கூடம் படித்த பழக்கம். போன வருஷம் கல்லூரி தேர்ந்தெடுத்த அந்த ஒரு வாரம், வீட்டில் நான் தமிழ் பேசியதே குறைவு.

நான் கேட்டது பெரிய விஷயமில்லை. சரித்திரமும் பிரெஞ்சும் சேர்த்துப் படிக்க வேண்டும். மூன்றாம் வருஷம் ஒரு செமஸ்டர் வெளிநாட்டில் இருக்க வேண்டும். பிறகு திரும்பி வந்து பட்டத்தை முடிக்க வேண்டும். இதற்காகப் பிளஸ் டூ பரீட்சை முடிந்ததிலிருந்து போனும் கையுமாகத்தான் இருந்தேன். எல்லாக் கல்லூரியும் வெளிநாடு வெளிநாடு என்றுதான் விளம்பரம் செய்கிறது. விசாரித்தால் பத்து நாள் சுற்றுலா. அங்கே படித்த பாடத்தை இங்கே கணக்கில் எடுப்பீர்களா என்று கேட்டால் பதில் இல்லை. அந்தந்தக் கல்லூரியில் படிக்கிற அக்காமார்களைத் தேடிப் பிடித்து, நிஜமாகவே போய்விட்டு வந்தவர்கள் உண்டா என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் வடக்கே ஒரு லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் மனம் நின்றது. இடமும் கிடைத்தது. அடுத்த திங்கட்கிழமைக்குள் சம்மதம் சொல்லாவிட்டால் அது வேறு யாருக்கோ போய்விடும்.

அப்பா சந்தோஷப்பட்டதுதான் வினையாகிவிட்டது. நல்ல காரியம் நடந்தால் எங்கள் சபையில் ஸ்தோத்திரக் காணிக்கை போடுவோம். எதற்காகப் போட்டது என்பதைப் போதகர் எல்லாருக்கும் கேட்க வாசிப்பார். மகளுக்கு வெளிநாட்டில் படிக்க வாய்ப்பு கிடைத்ததற்காக என்று அப்பா சொல்லிக் கொடுத்திருக்கிறார். போதகர் அதை அப்படியே வாசித்து, என் பிரயாணத்துக்காக உருக்கமாக ஜெபமும் செய்தார். மூன்றாம் வருஷம் போகப் போகிற பிரயாணத்துக்கு!

ஆராதனை முடிந்து வெளியே வருவதற்குள் நான் ஊரைவிட்டுப் போனவளாகிவிட்டேன். பாட்டுக்குழு அண்ணன் என் இடத்துக்கு வேறொரு பெண்ணைப் பேசி வைத்துவிட்டார். சாயங்காலம் பக்கத்து வீட்டு மாமி மீன் அச்சார் பாட்டிலோடு வந்தார். அயர்லாந்தில் நர்சாக இருக்கிற மகளிடம் நான் கொடுக்க வேண்டுமாம்.

“மாமி, நான் இப்ப போகல்ல. போனாலும் அது வேற நாடாக்கும்.”

“பின்ன எதுக்கு மக்கா காணிக்கை வாசிச்சாவ?”

மாமியிடமிருந்து ஊறுகாய் பாட்டிலை வாங்கி வைத்தேன். ஆனால் செவ்வாய்க்கிழமை அப்பாவே பிளேட்டைத் திருப்பிப் போட்டார்.

“இந்த வருஷமே வெளிய கொண்டு போற காலேஜ் ஏதாவது உண்டாண்ணு பாப்போமா மக்கா? சபையில வாசிச்சாச்சு.”

“சபையில வாசிச்சதுக்காக நான் படிப்ப மாத்தணுமா?”

“இல்லேண்ணா எப்ப போறா, எப்ப போறாண்ணு கேட்டே கொன்னுருவாவ.”

நெய்யாற்றின்கரையில் வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் அனுப்புகிற ஒரு ஏஜன்சிக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார். அங்கே வேலை பார்க்கிற ஒரு அம்மா நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “திரிச்சு வரானாணோ மோளே போகுன்னது?” என்றார். திரும்பி வருவதற்காகவா யாராவது போவார்கள் என்று உண்மையாகவே புரியாமல் கேட்டார். கிண்டல் செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அப்பாவும் சேர்ந்து தலையாட்டியதைத்தான் தாங்க முடியவில்லை. அவர்கள் காட்டிய கல்லூரியில் முதல் வருஷமே வெளிநாடு உண்டு. சரித்திரம் இல்லை, பிரெஞ்சும் இல்லை. ஹோட்டல் நிர்வாகம்.

திங்கட்கிழமை மத்தியானம் வரை அப்பா சரி என்று சொல்லவில்லை. நான் மலையாளத்தில் கத்தினேன். நான் அங்கே குடியிருக்கவா போகிறேன், படிக்கத்தானே போகிறேன், முடிந்ததும் வந்துவிடுவேன், அதில் உங்களுக்கு என்ன குறைந்துபோயிற்று என்று கேட்டேன்.

அப்பா தமிழில் மெதுவாகச் சொன்னார்.

“நான் சவூதிக்குப் போயிட்டு அந்த வருஷமே வந்தேன்லா.”

எனக்குத் தெரிந்த கதைதான். தாத்தா படுத்த படுக்கையாகிவிட்டார் என்று கேட்டு, இருந்த வேலையை விட்டுவிட்டு வந்தார்.

“அப்பாவப் பாக்க வந்தேண்ணு ஒருத்தனும் நம்பல்ல. அங்க என்ன பிரச்சினைண்ணு இண்ணும் கேக்காவ. கல்யாண வீட்டுல கேக்காவ, சாவு வீட்டுலயும் கேக்காவ.”

பாவமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. ஊரார் வாயை அடைக்க என் நாலு வருஷத்தையா கொடுக்க முடியும்? அதையும் அவரிடமே கேட்டேன்.

அப்பா தன் போனை என் பக்கம் நீட்டினார். கல்லூரிக்குச் சம்மதம் அனுப்புவதற்கான ஓடிபி அதில்தான் வரும்.

“ஒனக்கு இஷ்டமுள்ளத போடு.”

எண்களை அடித்து, என் கல்லூரிக்கே சம்மதம் அனுப்பினேன். ஜெயித்துவிட்டேன் என்று நிமிர்ந்தபோது அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“படி. ஆனா அங்க போனா திரும்பி வராத மக்கா.”

நான் வருகிற பாறசாலை பஸ் கொஞ்சம் தாமதமானாலே தெருமுக்கு வரை வந்து நிற்கிற மனிதர் அவர்.