ஆர்டிஸ் ஹாகன் எதிர் அறைக்குப் போன மாலை

பிளம் ஃபோர்க் ஊரில் ஆர்டிஸ் ஹாகனைத் தெரியாதவர் யாராவது இருந்தால், அவர் ஆம்புலன்ஸில் ஏற்றப்பட்டபோது நினைவில்லாமல் கிடந்தவராகத்தான் இருக்க வேண்டும். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற பெண்மணி. பேருந்துச் சாவியைத் திருப்பிக் கொடுத்த பிறகும், ஊர் ஆம்புலன்ஸின் சாவியை மட்டும் கொடுக்கவில்லை. சம்பளமில்லாத வேலை அது. நான்கு பேர்தான் அதற்கு இருந்தார்கள். ஒரு வண்டி கிளம்ப இரண்டு பேர் வேண்டும் என்பது மாநிலச் சட்டம். ஒருவர் ஓட்ட வேண்டும், மற்றவர் பின்னால் நோயாளியோடு இருக்க வேண்டும். ஆர்டிஸுக்கு வண்டியில் ஜோடி லைல் புரூன்ஸ். சோளமும் பன்றியும் வளர்க்கிறவர், ஆர்டிஸைவிட ஒரு வயது மூத்தவர். பத்தொன்பது வருடங்களாக இருவரும் ஒரே வண்டியில் போய் வந்தார்கள்.

அமெரிக்காவில் எங்கள் அயோவா மாநிலத்தில் ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் வேலை ஜனவரிக் குளிரில் தொடங்கிவிடும். எங்கள் ஊரில் இரண்டு கட்சிக் கூட்டங்களும் ஒரே பள்ளியில், ஒரே மாலையில் நடக்கும். குடியரசுக் கட்சிக்கு நூலகம், ஜனநாயகக் கட்சிக்கு விளையாட்டுக்கூடம். நடுவில் ஒரு நீண்ட தாழ்வாரம். நூலகத்தில் துண்டுச்சீட்டில் பெயர் எழுதி மடித்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். விளையாட்டுக்கூடத்தில் மறைக்க வழியில்லை. யாருக்கு ஆதரவோ அவருக்கான மூலையில், ஊரார் கண்முன் போய் நிற்க வேண்டும்.

நூலகக் கூட்டத்தை இருபத்து நான்கு வருடங்களாக நடத்தி வந்தவர் ஆர்டிஸ். தலைவர் நாற்காலி, மேசைச் சுத்தியல், நாற்காலி அடுக்குதல், பெரிய காப்பிப் பாத்திரம் எல்லாமே அவர் பொறுப்பு. அந்த வருடம், கிறிஸ்துமஸ் முடிந்த மறுவாரம், தான் விளையாட்டுக்கூடத்துக்குப் போகப்போவதாக லைலிடம் சொன்னார். வேட்பாளர்களில் ஒருவரான, மேற்கு மாநிலம் ஒன்றின் ஆளுநராக இருந்த ஒரு பெண்மணிக்கு ஆதரவாக நிற்கப் போகிறாராம்.

லைல் அப்போது வண்டியின் பின்கதவைக் கழுவிக்கொண்டிருந்தார். குழாயைக்கூட மூடவில்லை.

"உனக்கு ஒடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். ஏன்னு சொல்றேன், கேளு."

"அந்தம்மா அரசாங்கத்தைத் தூக்கிட்டு நம்ம வயலுக்குள்ளயே வந்துருவா. எங்கப்பா செத்தப்ப வாரிசு வரி கட்டவே பாதி நெலத்தை வித்திருக்கணும். தப்பிச்சது பெரும்பாடு. அது ஒனக்கும் தெரியும்."

"தெரியும். நான் சொல்ல வர்றது வேற."

"அப்ப நவம்பர்ல, தேர்தலப்ப திரைக்குப் பின்னால போய்ப் போட்டுட்டு வாயேன். இப்ப எதுக்கு ஊரைக் கூட்டணும்?"

"அப்படிப் போட்டுட்டு ஒன் பக்கத்துல எப்படி உக்காந்து வர்றது? ஆஸ்பத்திரிக்கு அம்பது மைல் போகணும். எதைப் பேசிட்டுப் போறது?"

"அந்த விளையாட்டுக்கூடத்துக் கதவு வழியா நீ போனா, இந்த வண்டியில ஒன் பக்கத்து சீட்டுல நான் உக்கார மாட்டேன். சொல்லிட்டேன்."

லைல் சொன்னால் சொன்னதுதான். ஒருமுறை தேவாலயத்தில் தரைவிரிப்பின் நிறம் பிடிக்கவில்லை என்று நான்கு வருடம் பக்கத்து ஊர்த் தேவாலயத்துக்குப் போனவர். அவர் விலகினால் மிச்சம் மூன்று பேர். அதில் ஒருவர் இரவு வேலைக்குப் போகிறவர். முறை போட ஆளில்லாமல் வண்டியை நிறுத்த வேண்டியதுதான். ஆர்டிஸுக்கு அந்தக் கணக்கு தெளிவாகவே தெரிந்தது. அடுத்த மூன்று வாரங்களில் ஒவ்வொரு முறை வண்டி எடுத்தபோதும் காரணத்தைச் சொல்ல ஆரம்பித்தார். ஒவ்வொரு முறையும் லைல் வானொலியில் பன்றி விலையைச் சத்தமாக வைத்தார்.

கூட்டத்து மாலை ஆர்டிஸ் எல்லோருக்கும் முன்பே பள்ளிக்கு வந்தார். நேராக நூலகத்துக்குத்தான் போனார். நாற்காலிகளை வரிசையாகப் போட்டார். அந்தக் காப்பிப் பாத்திரத்தின் கோணல் மூடியை எப்படி அழுத்தினால் சூடேறும் என்று வேறு யாருக்கும் தெரியாது என்பதால் காப்பியும் போட்டார். ஆட்கள் வந்து உட்கார்ந்து கோட்டுகளைக் கழற்றிய பிறகு, சுத்தியலை எடுத்து லைல் முன்னால் வைத்தார்.

"இந்தத் தடவை லைல் நடத்துவார். நான் எதிர் ரூமுக்குப் போறேன். ஒங்க முதுகுக்குப் பின்னால போய்ச் செய்யக் கூடாதுன்னு இங்க வந்து சொல்றேன். காப்பி இன்னும் கால் மணியில ஆயிரும்."

யாரோ சிரித்தார்கள், வேடிக்கை என்று நினைத்து. சிரிப்பு பாதியில் நின்றது. லைல் சுத்தியலைத் தொடவில்லை. ஆர்டிஸின் முகத்தையும் பார்க்கவில்லை.

"கதவைச் சாத்திட்டுப் போ. குளிருது" என்றார்.

ஆர்டிஸ் சாத்திவிட்டுப் போனார். அந்தத் தாழ்வாரத்தை அவர் ஓடிக் கடக்கவில்லை, தயங்கியும் கடக்கவில்லை. பின்னால் வந்தவர்கள் பார்த்துச் சொன்னது இது: தேவாலயத்தில் காணிக்கை போட எழுந்து போகிறவரைப் போல முதுகு நிமிர்ந்து நடந்தார்.

விளையாட்டுக்கூடத்து வாசலிலேயே கட்சி மாற்றிப் பதிந்துகொள்ளலாம். கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தபோது எதிரில் மெர்ல் கோஸ்டர் நின்றிருந்தார். இறைச்சித் தொழிற்சாலைத் தொழிற்சங்கத்தில் முப்பது வருடம் இருந்தவர்.

"வழி தவறிட்டியா ஆர்டிஸ்? நூலகம் அந்தப் பக்கம்."

"அங்கிருந்துதான் வர்றேன். காப்பி வேணும்னா போய் வாங்கிக்கோ, குடுப்பாங்க."

ஆளுநருக்கான மூலை கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே. ஆர்டிஸையும் சேர்த்து ஏழு பேர்தான் அங்கே நின்றார்கள். அன்று வந்திருந்த கூட்டத்துக்கு, ஒரு மூலையில் பத்துப் பேராவது நிற்க வேண்டும். இல்லையென்றால் அந்த மூலை கலைக்கப்படும். நின்றவர்கள் வேறு மூலைக்குப் போகலாம், அல்லது வீட்டுக்கு. கலைப்பதற்கு முன் ஒவ்வொரு மூலையிலிருந்தும் ஒருவர் ஒரு நிமிடம் பேசலாம். மற்ற ஆறு பேரும் ஆர்டிஸைப் பார்த்தார்கள்.

அவர் நடுக்கோட்டுக்கு வருவதற்குள் மெர்லின் குரல் வந்தது. "தலைவரம்மா, ஒரு நிமிஷம். இவங்க நம்ம கூட்டத்துல, நவம்பர்ல தோக்கற ஆளாப் பாத்துக் கைதூக்கிட்டு, அப்புறம் அவங்க கட்சிக்கே திரும்பிருவாங்க. இது பழைய வித்தை. இருபத்து நாலு வருஷம் அந்தப் பக்கம் சுத்தியல் தட்டுனவங்க இவங்க."

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. தலைவராக இருந்த பள்ளி ஆசிரியை மார்லா டுவொராக் கையை உயர்த்திக்கொண்டிருந்தபோது, மேலே பார்வையாளர் படிக்கட்டிலிருந்து ஒரு குரல் கேட்டது. நூலகத்துக் கூட்டம் சீக்கிரமே முடிந்திருந்தது. கோட்டு மாட்டியபடி மேல்படியில் தனியாக உட்கார்ந்திருந்தார் லைல் புரூன்ஸ். எப்போது வந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை.

"அவ வித்தை காட்ட வந்திருக்கான்னா, ஒலகத்துலயே மோசமான வித்தைக்காரி அவதான்."

"லைல், பார்வையாளர்கள் பேசக் கூடாது" என்றார் மார்லா.

"அந்த ஆளுநரம்மாவுக்காகப் பேசல. அந்தம்மாகிட்ட நான் ஒரு கோழிக்கூண்டைக்கூட நம்பிக் குடுக்க மாட்டேன். ஆர்டிஸுக்காகப் பேசறேன். ஒரு தடவை ஒரு ஆளு நெஞ்சைப் புடிச்சுட்டு, பொழைப்பேனான்னு அவகிட்ட கேட்டான். தெரியலன்னு சொன்னா. நீ பொழைப்பேன்னு சொல்லித் தொலையேன்னு நான் முன்னாலருந்து கத்தறேன். சொல்லலியே. தெரியாது, ஆனா கையை விட மாட்டேன்னு சொன்னா. இவளா பொய் சொல்ல வருவா?"

"லைல்," என்றார் ஆர்டிஸ், "வண்டியில நடந்ததை வெளிய பேசக் கூடாது."

"பேரைச் சொல்லலியே."

மெர்ல் தொண்டையைச் செருமினார். "நான்தான் அது" என்றார். "சொன்ன மாதிரியே கையை விடல. நீ பேசு ஆர்டிஸ்."

ஆர்டிஸ் பேசினார். அவருக்குக் குரலை உயர்த்திப் பழக்கமில்லை. பேருந்தில் கண்ணாடியைப் பார்த்தே பிள்ளைகளை அடக்கியவர்.

"போன மார்ச்சுல கெய்லா ஸ்டென்ஸ்ருட்டோட புள்ள நெடுஞ்சாலையில, தானியக் கிடங்குக்கு எதிர்ல பொறந்துச்சு. பனிமழை. லைல் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார், நான் புள்ளைய வாங்கினேன். மாவட்ட ஆஸ்பத்திரியில பிரசவப் பிரிவை மூடிட்டாங்க, அதான். அதுக்கப்புறம் இந்த ஊருக்கு வந்த வேட்பாளர் அத்தனை பேர்கிட்டயும் ஒண்ணே ஒண்ணு கேட்டேன். அந்தப் பிரிவு திரும்ப வருமான்னு. எங்க கட்சிக்காரங்க நாலு பேரும் வரும்னாங்க. உங்க கட்சியில ரெண்டு பேர் வரும்னாங்க. இந்தம்மாகிட்ட தீயணைப்பு நிலையத்துல, பான்கேக் தட்டை வச்சுட்டு நின்னப்பக் கேட்டேன். வராதுன்னாங்க. டாக்டர் இல்ல, வருஷத்துக்குப் பொறக்கற புள்ளைங்களும் கொறைவு, வரும்னு சொன்னா அது பொய்னாங்க. ஆனா ஆம்புலன்ஸ்காரங்களுக்குச் சம்பளமும், பிரசவம் பாக்கப் படிச்ச ஒரு ஆளும் குடுக்கப் பாக்கலாம், அதுவும் நடக்காமப் போகலாம்னாங்க. ஓட்டுக் கேட்டு வந்த எடத்துல முடியாதுன்னு சொன்னவங்க அவங்க ஒருத்தர்தான். வராதுங்கறது நிச்சயமானாத்தான் அடுத்து என்னன்னு யோசிக்க முடியும். நான் கட்சியை வெறுத்துட்டு வரல. அங்க இருக்கறவங்க எல்லாம் எனக்கு வேண்டியவங்க. அவ்வளவுதான்."

இரண்டு பேர் மற்ற மூலைகளிலிருந்து வளையத்துக்குக் கீழே வந்தார்கள். ஒன்பது. மெர்ல் வரவில்லை; அவர் தொழிற்சங்கம் சொன்ன ஆளோடு நின்றார்.

"ஒரு ஆளுதான் கொறையுது" என்றார் யாரோ. "லைல், கீழ எறங்கி வா."

"அதுக்குப் பதிலா பல்லைப் புடுங்கிக்குவேன்" என்றார் லைல்.

பத்தாவது ஆள் வரவில்லை. மார்லா மூலையைக் கலைத்தார். எட்டுப் பேரும் ஒவ்வொருவராகப் பிரிந்து மற்ற மூலைகளுக்குப் போனார்கள். அந்த மூலைகளிலிருந்து ஆர்டிஸையும் கூப்பிட்டார்கள். ஒருவர் இரண்டாம் விருப்பம் இருக்குமே என்றார், இன்னொருவர் எலுமிச்சை இனிப்புத் துண்டைக் காட்டி ஆசை காட்டினார்.

"ஒரு தாழ்வாரத்தைத் தாண்டி வந்தாச்சு. இனி இந்த ரூமையும் தாண்ட மாட்டேன்" என்றார் ஆர்டிஸ். மார்லா கடைசி எண்ணிக்கையை முடிக்கும் வரை வளையத்துக்குக் கீழே அவர் ஒருவராகவே நின்றார், கைப்பையை முன்னால் பிடித்துக்கொண்டு, எதையோ வென்றவரைப் போல. அவருடைய ஆள் எங்கள் ஊரிலிருந்து மாவட்ட மாநாட்டுக்கு ஒரு பிரதிநிதியைக்கூடப் பெறவில்லை. ஆனாலும் அன்று அந்தக் கூடத்தில் தலை நிமிர்ந்து நின்றவர் யார் என்று கேட்டால், இரண்டு கட்சிக்காரர்களும் இன்றுவரை ஒரே பெயரைத்தான் சொல்கிறார்கள்.

வெளியே வண்டிகள் நிற்கும் இடத்தில் லைல் தன் வண்டிக் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். ஆர்டிஸ் பக்கத்தில் போய் நின்றார். லைல் சுரண்டுவதை நிறுத்தாமலே கேட்டார்.

"வராதுன்னு சொன்னாளா அவ? அதை ஏன் என்கிட்ட சொல்லல?"

"மூணு வாரமா பன்றி விலைதான் கேட்டுச்சு."

"சம்பளம் குடுத்தா வரி ஏறும்."

"ஏறும்."

"நான் அவளுக்குப் போட மாட்டேன்."

"ஒன்னைக் கேக்கவே இல்லியே."

லைல் சுரண்டியைத் தட்டி உதறினார். நூலகக் கூட்டத்தை எப்படி நடத்தினேன் என்று சொல்ல வாயெடுத்தார், பிறகு விட்டுவிட்டார். "வியாழக்கிழமை ரோடு வழுக்கும்னு சொல்றாங்க" என்றார். "நான் ஓட்டறேன். நீ பின்னால இரு."

"வியாழக்கிழமை என் முறை. நான்தான் ஓட்டுவேன்" என்றார் ஆர்டிஸ். "நீ பின்னால இரு."

லைல் அவரை ஒருமுறை முழுதாகப் பார்த்தார். பிறகு தன் வண்டியை விட்டுவிட்டு, ஆர்டிஸின் கார்க் கண்ணாடியைச் சுரண்டப் போனார்.